கொழுந்து சார்வாளும் மொட்டைமாடிக் குணங்களும்

மேற்கே மலையில் மேகம் இறங்கி, குற்றாலத்து அருவிகளுக்குப் போக மிஞ்சிய சாரல் காற்றிலேறிக் கிழக்கே வந்து, நெடுங்குளத்துத் தெற்குப் புதுத்தெருவின் தலையில் தூவிவிட்டுப் போவது ஒவ்வோர் ஆனியிலும் நடக்கிற காரியம்தான் என்றாலும், அந்த வருஷத்து ஆனியில் சாரல் ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில், துணி காயப்போட மாடிக்கு ஏறிய பெண்கள் தத்தம் வீட்டு மொட்டைமாடியில், மண்ணும் இல்லாமல் தொட்டியும் இல்லாமல், வெறும் சிமெண்டுத் தளத்தில், வீட்டில் ஆளுக்கொன்றாகச் செடி முளைத்திருப்பதைக் கண்டு, "சரியாப் போச்சு, இனி துணிக்கு எங்க இடம்?" என்று கவலைப்பட்டார்கள்.

எந்தச் செடி யாருடையது என்று கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. பேரைச் சொன்னால் அந்தப் பேருக்குரிய செடி இலையை அசைத்தது. காற்று இல்லாத நேரத்திலும் அசைத்தது. அது அந்த ஆளின் குணம்தான் என்பதும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் தெருவுக்கு விளங்கிவிட்டது. ஏனென்றால், தன் கத்தரிக்கோலைப் பக்கத்துக் கடைக்காரன் தினமும் ஓர் அங்குலம் நகர்த்தி வைக்கிறான் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவந்த தையல்காரர் பேச்சிமுத்துவின் மாடியில் தொட்டாற்சிணுங்கி முளைத்து, யாராவது படியேறும் சத்தம் கேட்டாலே இலையெல்லாம் மூடி முள்ளை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்த அவர் மனைவி, "இது இவருதான், சந்தேகமே இல்ல" என்றாள். "சந்தேகமே இல்லன்னு நீ எப்படிச் சொல்லுத?" என்று பேச்சிமுத்து கேட்டார். அதோடு எல்லாருக்கும் உறுதியாகிவிட்டது.

ஒரு சாரல் போய் அடுத்த சாரல் வருவதற்குள் தெரு இதற்குப் பழகிக்கொண்டது. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு மாடியையும் பார்க்க வேண்டும் என்றார்கள். மாடியில் காட்டத்தக்கதாக எதுவும் இல்லாத வீட்டார் தென்காசியிலிருந்து துளசி வாங்கி வந்து முன்னால் வைத்து, மாப்பிள்ளை பேரைக் கூப்பிடும்போது அசைவதற்காக நைலான் கயிறு கட்டிக் கீழேயிருந்து இழுத்தார்கள். நகராட்சியில் செடிக்கு வரி போடுவது பற்றி ஆராய ஒரு குழு அமைத்தார்கள். குழுத் தலைவர் வீட்டு மாடியில் என்ன முளைத்திருக்கிறது என்று யாரோ கேட்கவும் குழு கலைந்துவிட்டது. பேச்சிமுத்து மட்டும், தன் செடியைத் தெருவே வேவு பார்க்கிறது என்று தாங்கமாட்டாமல், ஒருநாள் அதை வேரோடு பிடுங்கிப் போட்டார். போட்டவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். டீ வேண்டுமா காப்பி வேண்டுமா என்று கேட்டால், "நீங்களே சொல்லுங்க" என்றார். வழியில் போன ஒருவன் தையல் மிஷினைக் கேட்டதற்கு எடுத்துக் கொடுத்துவிட்டார். அவர் மனைவி ஓடிப் போய் மிஷினை மீட்டு வந்து, சிமெண்டுத் தளத்தில் தண்ணீர் தெளித்துத் தெளித்து, "முளைச்சிரு சாமி, முள்ளோடவே முளைச்சிரு" என்று அழுதாள். அது முளைத்த அன்றைக்கு அவர் எழுந்து, "என் மிஷினை எவன்டி தொட்டது?" என்றார். அவள் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தாள்.

இத்தனைக்கும் நடுவில், இந்தச் செடிகளை அடிமுதல் நுனிவரை புரிந்துகொண்ட ஒரே ஆள் தாம்தான் என்று ஒருவர் நம்பிக்கொண்டிருந்தார். அவர் திருமலைக்கொழுந்து, எம்.ஏ., எம்.எட்., எம்.ஃபில். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உளவியல் நடத்துகிறவர். தெருவுக்குக் கொழுந்து சார்வாள். மனிதர்களைப் பார்த்த மாத்திரத்தில் இன்ன ஆளுமை, இன்ன கோளாறு என்று சொல்லிவிடுகிற வரம் தமக்கு உண்டென்பது அவர் எண்ணம். பேச்சிமுத்துவுக்கு ஐய ஆளுமைக் கோளாறு. நேரத்துக்கு வராத பால்காரருக்குச் சமூக விரோத ஆளுமை. மச்சினருக்குச் சார்பு ஆளுமை. டப்பாக்களில் 'சீரகம்', 'சோம்பு' என்று எழுதி ஒட்டிவைத்த குற்றத்துக்காக மனைவி செண்பகவடிவுக்குக் கட்டுக்கோப்பு ஆளுமைக் கோளாறு. அவள், "சரி, ரெண்டையும் மாத்திப் போட்டா ரசத்துக்கு என்ன கோளாறு வரும்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

தம் வீட்டு மாடியில் கைப்பிடிச் சுவரோரம் நெட்டையாக நின்ற தேக்கங்கன்றுதான் தம் குணம் என்று சார்வாள் முதல் நாளே தீர்மானித்துவிட்டார். அது எப்போதோ கல்லூரியில் இலவசமாகக் கொடுத்த கன்று, தொட்டியில் நின்றது, மற்றதெல்லாம் சிமெண்டில் அல்லவா முளைத்தது என்ற சிறு விஷயம் அவரைத் தடுக்கவில்லை. தினமும் காலையில் அதன்முன் நின்று, "திருமலைக்கொழுந்து!" என்று வாய்விட்டுக் கூப்பிடுவார். தேக்கு ஓர் இலையைக்கூட அசைக்காது. "நிலைகுலையாத ஆளுமை" என்று அவர் திருப்தியோடு இறங்குவார். அவருடைய முதுகுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் மறைவில் வேர்விட்டு, அவர் மாடியை நிறைத்து, சுவர் தாண்டிப் பக்கத்து மாடிக்கும் அதற்கடுத்த மாடிக்கும் போய்த் தெருவின் பாதி வீடுகளின்மேல் கவிந்துகிடந்த பூசணிக்கொடி, அவர் பேர் கேட்டதும் அத்தனை இலைகளையும் ஒரே நேரத்தில் கைதட்டுவதுபோல் படபடவென்று அடித்துக்கொள்ளும். "மேல்காத்து" என்று சார்வாள் நினைத்துக்கொள்வார்.

தெருவில் எல்லாருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. சொல்லிவிடலாமா என்று ஆண்கள் பேசிக்கொண்டதுண்டு. "வேண்டாம்வே, படிச்ச மனுஷன், மனசு ஒடிஞ்சிரும்" என்று பேச்சிமுத்துவே சொல்லிவிட்டார். பெண்கள் அதன் பூவைப் பறித்து மாவில் முக்கிப் பஜ்ஜி போட்டார்கள். செண்பகவடிவும் போட்டாள். சார்வாள் அதில் நாலைந்து தின்றுவிட்டு, "பிரமாதமா இருக்கு, யாரோடதோ தெரியல" என்றார். "இன்னும் ரெண்டு வச்சுக்கிடுங்க" என்றாள் அவள். கட்டினவர் பேரைச் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. அதனால் வீட்டுக்குள் கொடி அமைதியாகத்தான் இருந்தது. ஒலிபெருக்கியில் பட்டங்களோடு அவர் பேரை அறிவிக்கும் நாட்களில்தான் பாதித் தெருவின் மாடி குலுங்கியது.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையார் கோயில் மண்டபத்தில் 'உங்கள் செடியும் நீங்களும்' என்று அவர் உரையாற்றினார். ஊர்க் கூரையெல்லாம் படர்கிற அந்தப் பூசணியைப் பற்றிக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அது யாரோடதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்த ஆளுக்குத் தன்மோக ஆளுமைக் கோளாறு. அடுத்தவன் மாடியில போய் இவன் பூப்பான். தன் நிழல்ல எது கிடக்கு, எது வாடுதுன்னு திரும்பிப் பாக்கமாட்டான்."

கூட்டம் தன் கால் பெருவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர் தயங்கிக் கேட்டார்: "அதுக்கு வைத்தியம் ஏதும் உண்டா சார்வாள்?"

"கஷ்டம் அண்ணாச்சி. முதல்ல, தனக்கு அது இருக்குன்னு அவன் ஒத்துக்கவே மாட்டான்."

"ஆமாமா" என்றது மண்டபம் முழுவதும் ஒரே குரலில். இவ்வளவு ஒருமனப்பட்ட சபையைத் தாம் கண்டதில்லை என்று சார்வாள் அன்றிரவு மனைவியிடம் சொன்னார்.

கதை இதோடு போயிருந்தால் பஜ்ஜியோடு முடிந்திருக்கும். அடுத்த வீட்டுப் பூரணியால்தான் அது வேறு பக்கம் திரும்பியது.

பூரணி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். ஊசி குத்துவது தெரியாமல் ரத்தம் எடுப்பாள் என்று பேர். அவளுக்கு விவரம் தெரியும் முன்பே அப்பா சூரத்துக்கு வியாபாரத்துக்குப் போனவர் போனவர்தான். அம்மா சொர்ணத்தாய் வளர்த்தாள். ஒருவரைப் பிடித்துவிட்டால் பூரணி அவர்களுக்காக உயிரை விடுவாள். விடிகாலையில் பிரியாணி பொங்கிக்கொண்டு போய் நிற்பாள். அவர்கள் ஒருநாள் போனை எடுக்கத் தாமதித்தால், தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று தெரு கேட்கக் கத்துவாள், அழுவாள், இனி முகத்தில் முழிக்காதே என்பாள். மறுநாள் வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்பாள். அவளுடைய செடி செங்காந்தள். ஊரில் அதைக் கண்வலிப்பூ என்பார்கள், உற்றுப் பார்த்தால் கண் நோகும் என்று. இலை நுனியெல்லாம் சுருள் விரல். பக்கத்தில் போனவர் சேலையைப் பிடித்துக்கொள்ளும். காலையில் மஞ்சளாகப் பூத்து, பொழுது சாய்வதற்குள் தீப்பிடித்ததுபோல் சிவந்து, சில நாளில் நிஜமாகவே கருகியும் போகும். மறுநாள் மறுபடி முளைக்கும்.

ஆவணியில் அவளைப் பெண்பார்க்கப் புளியங்குடிப் பக்கமிருந்து வந்தார்கள். பையன் நல்ல மாதிரி. மாடியேறிய அவன் அத்தைதான், "ஆத்தாடி, கண்வலிப்பூவா!" என்று முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினாள். படித்தவர் யாராவது இருந்தால் கேட்டுக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது. சொர்ணத்தாய், நமக்கு வேண்டியவர்தானே, நல்ல வார்த்தை சொல்லுவார் என்று நம்பிக் கொழுந்து சார்வாளைக் கூட்டிவந்தாள்.

நல்ல வார்த்தை சொல்லும் எண்ணத்தோடுதான் சார்வாளும் மாடியேறினார். ஆனால் அங்கே வெளியூர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த முகங்களைக் கண்டதும் அவர் நெஞ்சுக்குள் ஏதோ தளிர்விட்டது. செடியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு" என்றார். "பார்டர்லைன்னு சொல்லுவோம். நேசம், கோபம், ரெண்டுக்கும் நடுவுல தளமே கிடையாது. ரொம்ப அபூர்வமான, பாடப்புத்தகத்துல போடுற மாதிரி கேஸு."

அபூர்வம் என்ற சொல்லைப் பாராட்டாகத்தான் சொன்னார். வந்தவர்கள் காப்பியைக்கூடக் குடிக்காமல் வேனில் ஏறினார்கள். பையன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அத்தை அவன் தலையைப் பிடித்து உள்ளே தள்ளினாள். படியடியில் மறைந்து நின்றிருந்த பூரணி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

சார்வாள் வீட்டுக்கு வந்து, இன்றைய நோயறிதலைப் பற்றி மனைவியிடம் விவரமாகச் சொன்னார். செண்பகவடிவு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். "உங்க வாயில என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து அடுக்களைக்குள் போனாள். அவள் கோபப்பட்டு அவர் பார்த்ததில்லை. அது எந்த வகைக் கோபம் என்று பெயரிடப் பார்த்தார், பெயர் வரவில்லை.

மறுநாள் பிற்பகல் சொர்ணத்தாய் வாசலில் நின்று அலறினாள். "சார்வாள், ஓடியாங்க! செடியப் பிடுங்கப்போறேங்கா! மேல கதவச் சாத்திட்டா!"

பேச்சிமுத்து அன்று உட்கார்ந்திருந்த கோலம் எல்லார் கண்முன்னும் வந்தது. படிக்கதவு தாழிட்டிருந்ததால் சார்வாள் தம் மாடிக்கு ஏறி, வேட்டியை மடித்துக் கட்டி, குட்டைச் சுவரைத் தாண்டி, பூசணி இலைகளை மிதித்துக்கொண்டு அடுத்த மாடிக்குள் விழுந்தார் என்றுதான் சொல்லவேண்டும். பூரணி மண்வெட்டியோடு நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"கிட்ட வராதீங்க. அபூர்வமான கேஸு. கடிச்சிரும்."

"பூரணி, இங்க பாரும்மா. இந்த மாதிரி ஆளுமை அமைப்புல இருக்கிறவங்களுக்கு உணர்ச்சி ஒழுங்கமைவு..."

"பேசாதீங்க!" மண்வெட்டியை ஓங்கினாள். "எல்லாருக்கும் பேரு வச்சீங்க. எனக்கும் வச்சிட்டீங்க. இதப் பிடுங்கிட்டா நான் ஒண்ணுமில்லாமப் போயிருவேன்லா? பேச்சிமுத்து மாமா மாதிரி உக்காந்திருவேன். யாரு வந்தாலும் சரி, போனாலும் சரின்னு இருக்கும். அது எவ்வளவு நிம்மதி! உங்களுக்கு என்ன சார்வாள் தெரியும்? ஒருத்தரு போன எடுக்கலன்னா எனக்குத் தரையே இருக்காது. தரையே இருக்காது! அது நடிப்பு இல்ல."

சார்வாள் வாயைத் திறந்தார். இருபது வருஷத்துப் பாடக்குறிப்புகளில் இதற்குப் பதில் எங்கேயோ இருந்தது, கைக்கு அகப்படவில்லை. அவர் அதைத் தேடிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், செங்காந்தளின் இலைவிரல் ஒன்று நீண்டு வந்து அவர் வேட்டிக் கரையைப் பற்றியது. உதறப் பார்த்தார். உதறாமல் நின்றார்.

பூரணி அதைப் பார்த்தாள். மண்வெட்டி கொஞ்சம் தாழ்ந்தது. பிறகு, அழுகைக்கு நடுவே, அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது.

"சார்வாள், நீங்க மிதிச்சிட்டு நிக்கிறது யாரு கொடின்னு தெரியுமா?"

"இதுவா? எவனோ ஒரு..."

"திருமலைக்கொழுந்து" என்று பூரணி சத்தமாகக் கூப்பிட்டாள்.

காற்று அசையாத பிற்பகல். அவர் காலடியிலிருந்து தொடங்கி, அவர் தாண்டிவந்த சுவரின் மேலும், எதிர்ப்பக்கத்து மாடியிலும், அதற்கப்பால் பேச்சிமுத்துவின் மாடியிலும், தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிவரைக்கும், அத்தனை இலையும் படபடவென்று கைதட்டியது. கீழே கூடியிருந்த தெரு அண்ணாந்து பார்த்தது. யாருக்கும் ஆச்சரியமில்லை என்பதை அவர் பார்த்தார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. அவர் வாழ்நாளில் கிடைத்ததிலேயே பெரிய கைதட்டல் அதுதான். அவருக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் அங்கே சிமெண்டுதான் இருந்தது.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"பஜ்ஜி போட்டுத் தின்னுருக்கோம்."

சார்வாள் அந்தத் தளத்திலேயே உட்கார்ந்தார். தாம் மண்டபத்தில் பேசியதை ஒவ்வொரு வாக்கியமாக நினைத்துப் பார்த்தார். வாக்கியங்கள் நன்றாக இருந்ததுதான் அதிலும் கொடுமை. பூரணியும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். காந்தள் அவர் வேட்டியை விடவில்லை. பூசணியின் பற்றுச்சுருள் ஒன்று மெதுவாகப் போய்க் காந்தள் தண்டைப் பிடித்துக்கொண்டது.

"நேத்து நான் பேசினது தப்பு" என்றார் கடைசியில். இன்னும் நீட்டிச் சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டார்.

"தப்புதான்" என்றாள் பூரணி. "ஆனா பேரு சரியா இருக்கலாம். எனக்கே பயமாத்தான் இருக்கு, சார்வாள். எங்க போய்க் காட்டணும்?"

அவருக்கு அது தெரியாது. உளவியலில் மூன்று பட்டம் வாங்கியும், ஒரு மனிதர் உதவி கேட்டு எங்கே போகவேண்டும் என்று அவர் விசாரித்து வைத்ததில்லை. "கேட்டுச் சொல்லுதேன்" என்றார். மண்வெட்டியை அவள் அவரிடமே கொடுத்துவிட்டாள்.

அவர் கொடியைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்தார். தம் மாடியில், தாம் ஒருநாளும் எட்டிப் பார்க்காத தண்ணீர்த் தொட்டியின் பின்புறம், அதன் வேர் தொடை பருமனில் இருந்தது. அதன் அடியில், அகன்ற இலைகளின் இருட்டுக்குள், வெளுத்துப்போய் ஏதோ கிடந்தது. விலக்கிப் பார்த்தார். பிரண்டை. நாலு பட்டையும் கணுக்கணுவுமாக, வெயில் காணாமல் மஞ்சள் பாரித்து, ஆனாலும் சாகாமல், தொட்டிச் சுவரைப் பிடித்து ஒரு முழம் ஏறியிருந்தது. "செண்பகவடிவு" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார், நுனிக்கணு அசைந்தது.

அவர் மனைவியின் குணம் மல்லிகையாக இருக்கும் என்றுதான் பொதுவாக எண்ணிவந்தார். எங்கே என்று தேடியதில்லை. அவசரமாக அதைத் தூக்கிவிடப் போனதில் ஒரு கணு முறிந்து, சாறு பட்டு, கை அரிக்கத் தொடங்கியது. சொறிந்துகொண்டே திரும்பினால் செண்பகவடிவு படியில் நின்றாள்.

"எண்ணெய் தடவிக்கிட்டுத் தொடணும். இது தெரியாதா?"

"நீ இத்தனை நாளும் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அதுக்கும் ஒரு கூட்டம் போட்டிருப்பீங்க."

அவர் மண்வெட்டியை எடுத்துப் பூசணி வேரின் மேல் ஓங்கினார். அவள் அவர் முழங்கையைப் பிடித்தாள். "வைங்க கீழ. எல்லாத்தையும் வெட்டிட்டு உக்காந்துட்டீங்கன்னா உங்களுக்கு யாரு ஊட்டுறது? பேசாத மனுஷனா நான் கட்டிக்கிட்டேன்? இந்தப் பக்கம் மட்டும் தினமும் ஒதுக்கி விடுங்க, வெயில் விழட்டும். போதும்."

ஒதுக்கினார். சாயங்காலத்துக்குள் கொடி திரும்பி வந்து படுத்துக்கொண்டது. மறுநாளும் ஒதுக்கினார். இப்படிக் கொஞ்சநாள் ஒதுக்கிய பிறகு, தாம் திருந்திவிட்டதாக அவருக்குத் தோன்றவே, அடுத்த ஞாயிறு மண்டபத்தில் தம் குறையைச் சபையறிய ஒப்புக்கொள்ளத் தீர்மானித்தார். ஒப்புக்கொண்டார். அப்படி ஒரு பேச்சு அந்த மண்டபம் கேட்டதில்லை. குரல் உடைந்த இடத்தில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். தம்மைவிடப் பணிவான மனிதன் இருக்க முடியாது என்று பேச்சின் நடுவே அவருக்கே பட்டது. முடிந்து வெளியே வந்தபோது பூசணி மேலும் மூன்று மாடி தாண்டியிருந்தது. பேச்சிமுத்து அண்ணாந்து பார்த்து, "இனிமே ஒப்புக்கொள்ளாதீங்க சார்வாள், கோயில் கோபுரத்துக்குப் போயிரும்" என்றார்.

இதற்கிடையே பாளையங்கோட்டையில் ஒரு மனநல டாக்டரைச் சார்வாள் விசாரித்துச் சொல்ல, வியாழக்கிழமைதோறும் பூரணி போய்வந்தாள். செண்பகவடிவு துணைக்குப் போனாள். மருந்தைவிடப் பேச்சுத்தான் அங்கே அதிகமாம். தரை இல்லாததுபோல் தோன்றும்போது என்ன செய்வது, ஒருவர்மேல் கோபம் பொங்கும்போது எப்படி ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கும் நேரம் பொறுப்பது என்றெல்லாம் பழக்கினார்களாம். ஒருநாள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது செண்பகவடிவு சொன்னாள்: "குணம் எல்லாருக்கும்தான் இருக்காம். அது ஆளையும் வாழவிடாம, கூட இருக்கிறவங்களையும் வாழவிடாமப் பண்ணும்போதுதான் அதுக்குக் கோளாறுன்னு பேராம். அப்பவும் அது ஆளோட தப்பு இல்லையாம்." இதே வாக்கியத்தைச் சார்வாள் வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதிவந்திருக்கிறார். யாரோ முதல்முறை சொல்லிக் கேட்பதுபோல் அன்று கேட்டார்.

பூரணியின் மாடியில் சொர்ணத்தாய் மூங்கிலால் ஒரு பந்தல் போட்டாள். காந்தள் அதைப் பிடித்து ஏறியது. சில சாயங்காலங்களில் இப்போதும் கருகியது. கருகினாலும் பந்தலைவிட்டு விழவில்லை. புளியங்குடிப் பையன் ஒருமுறை போன் செய்தான். பூரணி அவனிடம், "இப்போதைக்கு வேண்டாம், நான் கொஞ்சம் பழகிக்கிட்டு இருக்கேன்" என்றாளாம்.

ஐப்பசியில் ஒரு வியாழன் செண்பகவடிவுக்குக் காய்ச்சல். "நீங்க வாங்க சார்வாள்" என்று பூரணி வந்து நின்றாள். "ஆனா பஸ்ஸுல பாடம் எடுக்கக்கூடாது."

ஆலங்குளம் தாண்டும் வரைக்கும் சார்வாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். முன்சீட்டில் ஓர் அம்மாள் கண்டக்டரோடு சண்டை போட்டாள். அவளுக்கு என்ன ஆளுமை என்று மனசு தன்னால் கணக்குப் போட்டது. தும்மலை அடக்குவதுபோல் அடக்கினார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பூரணியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இன்னிக்கு அத்தை வரலையா? சார் யாரு?" என்றாள்.

பூரணி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்குத் தொண்டைக்குள் எம்.ஏ.வும் எம்.எட்.டும் எம்.ஃபில்.லும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரிசையில் நின்றன. உளவியல் என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும், இந்தப் பெண் எழுந்துகூட நிற்கலாம்.

"பக்கத்து வீடு" என்றார்.

"அப்போ கொஞ்சம் வெளிய இருங்க."

வெளியே பெஞ்சில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் துண்டைப் பிசைந்துகொண்டிருந்தார். சார்வாள் உட்கார்ந்ததும், கேட்க ஆள் கிடைத்ததுபோல் தொடங்கினார். "எம் மகன் அந்தப் பக்கத்து ரூமுல இருக்கான் சார். இருபத்தஞ்சு வயசு. ஒருத்தரோடயும் சேரமாட்டான். சின்னப்பிள்ளையிலருந்தே அப்படித்தான். அவன் அம்மை செத்தப்ப கூட அழல. கதவச் சாத்திக்கிட்டு ஆகாசத்தப் பாத்து ரேடியோ மாதிரி ஏதோ செஞ்சுக்கிட்டிருந்தான்."

அதற்குப் பேர் உண்டு. அந்தப் பேர் சார்வாளின் நாக்கு நுனிக்கு வந்து, பளபளவென்று நின்றது. அவர் அதை விழுங்கினார். கொட்டையோடு நாவல்பழத்தை விழுங்கினதுபோல் இறங்கியது.

"அப்புறம்?" என்றார்.

மீசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். 'அப்புறம்' என்று அவரை யாரும் கேட்டதில்லை போலிருந்தது. துண்டை மடியில் போட்டுவிட்டு, மகன் அஞ்சாம் வகுப்பில் செய்த ஒரு தகர டப்பா வானொலியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். சார்வாள் கேட்டார். கேட்பது எவ்வளவு நேரம் பிடிக்கிற காரியம் என்று அவருக்கு இதுவரை தெரியாமல் இருந்தது. பூரணி வெளியே வந்தாள், மருந்துச் சீட்டோடு போனாள், வந்தாள், மணியைப் பார்த்தாள், அவர் எதிரில் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"பஸ்ஸு போயிட்டுது சார்வாள்! உங்களக் கூட்டிக்கிட்டு வந்தேன் பாருங்க, என்னச் சொல்லணும். பேசிக்கிட்டே இருந்துட்டீங்களாக்கும்?"

"இரும்மா" என்றார் கொழுந்து சார்வாள். "அண்ணாச்சி இன்னும் சொல்லி முடிக்கல."